‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள்: தாடை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்களுக்கும், அதற்கு முன்னும் பின்னும் கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துகிற டாக்டர்களுக்கும், பல் மருத்துவக் கல்லூரிகளில் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிற பி.ஜி. டாக்டர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. நன்றாக இருக்கிறேன். கொய்யாப்பழத்தை வெட்டாமல் அப்படியே முன்பல்லால் கடித்துத் தின்கிறேன். இருபத்தாறு வயது வரை அது எனக்கு நடக்காத காரியம், கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எதைக் கடித்தாலும் பல்லும் பல்லும் சந்திக்கவே சந்திக்காது, அம்மாதான் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுப்பார். எனவே உங்கள் கைத்திறமையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்தக் கைகளுக்குக் கோடி நன்றி. நான் எழுத வந்தது ஆபரேஷன் தியேட்டருக்குள் நான் போவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி.

கிளிப் போட ஆரம்பித்ததிலிருந்து ஆபரேஷன் வரை பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதத்தில் எத்தனை பேர் என்னிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. எல்லோருக்கும் நான் சொன்னது ஒரே பதில்: “புரிஞ்சுது டாக்டர்.” அதில் ஒன்றுகூட உண்மை இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் முப்பது நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், டாக்டர் நின்றுகொண்டே கேட்கிறார், அடுத்த ஃபைல் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது, நானோ பி.காம். படித்துவிட்டு ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள், இந்த இடத்தில் “புரியல டாக்டர்” என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றாம் வகுப்பிலிருந்தே நமக்குப் பழக்கம்தானே, டீச்சர் “புரிஞ்சுதா?” என்றால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது டீச்சர்” என்று ராகம் போடும். பெஞ்சு மாறியதே தவிர எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

எனக்கு இருந்த பயம் கத்தியைப் பார்த்து வந்த பயம் இல்லை டாக்டர். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வந்த பயம். இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளங்கை வியர்க்கும், தூக்கம் வராது, வயிற்றைப் பிசையும். ஆனால் முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது. இரண்டாவதற்கு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கிளிப் போட்டு ஆறேழு மாதம் ஆனபோது கண்ணாடியில் பார்த்தால் என் முகம் முன்னைவிட மோசமாக இருந்தது. கீழ்த்தாடை இன்னும் நீண்டுவிட்டது போல, முகவாய் துருத்திக்கொண்டு, உதடு மூடாமல். கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “இவ்ளோ காசு கொட்டியும் இன்னும் எடுப்பாத்தானே தெரியுது, டாக்டரை மாத்திப் பாருங்களேன்” என்றார். நான் அடுத்த ரூமிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி கிளிப்பைக் கழற்றச் சொல்லிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். இத்தனை வருஷமாகத் தாடையின் குறையை ஈடுகட்ட என் பற்களே சாய்ந்து வளைந்து சமாளித்துக்கொண்டிருந்தன, ஆபரேஷனுக்கு முன்னால் அவற்றை அதனதன் எலும்பில் நேராக நிறுத்த வேண்டும், அப்படி நிறுத்தும்போது மறைந்திருந்த இடைவெளி முழுசாக வெளியே தெரியும், அதாவது சரியாவதற்கு முன்னால் கொஞ்ச காலம் மோசமாகத்தான் தெரியும், அப்படித் தெரிவது சிகிச்சை சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம் என்று எனக்கு இன்று தெரியும். அன்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம், இங்கிலீஷில், வேகமாக, நான் “புரிஞ்சுது” என்று தலையாட்டியிருக்கலாம். என் கையில் வந்து சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாதாமாதம் திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி சென்னைக்குப் போவேன், கம்பி முறுக்கிவிட்டு மறுநாள் திரும்புவேன். அப்படி ஒரு தடவை கேஸ் ஷீட்டில் “லெ ஃபோர்ட் 1” என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு போனில் தேடினேன். வந்தது முழுக்க விபத்துப் படங்கள். மண்டையோட்டில் சிவப்புக் கோடு, நொறுங்கிய மூக்கு, வீங்கி மூடிய கண். விழுப்புரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. என் முகத்தை இப்படி உடைக்கப் போகிறார்களா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ரெனே லெ ஃபோர் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர், முகத்தில் பலமாக அடிபட்டால் எலும்பு எந்தெந்த வழியாக உடைகிறது என்று இறந்தவர்களின் தலைகளை வைத்து ஆராய்ந்து 1901இல் எழுதியவர், அவர் காட்டிய முதல் கோட்டை ஒட்டி மேல்தாடையை அளந்து வெட்டி நகர்த்துவதால் இந்த ஆபரேஷனுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இது அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். விபத்துக்கு வைத்த பெயரும் வைத்தியத்துக்கு வைத்த பெயரும் ஒன்றாக இருக்கும்போது, அதை நோயாளியின் ஃபைலில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறவர்கள், “இதைத் தேடினா பயமுறுத்துற படமா வரும்மா, அது வேற, இது வேற” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லக் கூடாதா?

அப்புறம் தழும்பு. என் வீட்டில் எல்லோருக்கும் மனசில் இருந்த முதல் கேள்வி அதுதான், வாய்விட்டுக் கேட்காத கேள்வியும் அதுதான். கல்யாணம் ஆகாத பெண், முகத்தில் கத்தி வைக்கிறார்கள், தழும்பு விழுமா? காதுக்குக் கீழேயிருந்து கழுத்து வரை தையல் போடுவார்கள் என்று அப்பா கற்பனை செய்து வைத்திருந்தார், ஒரு வருஷம் முழுக்க அதை யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறார் மனுஷர். வெட்டுவது, பிளப்பது, தையல் போடுவது எல்லாமே வாய்க்குள்தான், வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்று யாரோ முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ட்ரௌனர், ஓப்வேகெசர் என்ற இரண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் 1957இல் கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே நீளவாக்கில் பிளக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள், இன்று நீங்கள் செய்வது அதிலிருந்து வளர்ந்து வந்ததுதான் என்று பிற்பாடு படித்தேன். அறுபது வருஷத்துக்கும் மேலான அந்த நல்ல செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அப்பாவுக்கு அது தெரிந்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி. எட்டரை மணிக்கு ஒரு பி.ஜி. டாக்டர் சம்மதப் படிவத்தோடு வார்டுக்கு வந்தார். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம், கண்ணெல்லாம் சிவந்து காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அப்பாவிடம் நீட்டி, “இங்க, இங்க, அப்புறம் இங்க” என்று பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார். அப்பா பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. “எலும்ப வெட்டுனா அப்புறம் அது எதுல நிக்கும் தம்பி?” என்று கேட்டார். பதினாறு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அந்தப் பையன் ஒரு நிமிஷம் யோசித்தார். “ஐயா, தீப்பெட்டி வச்சிருக்கீங்களா?” என்றார். ஆஸ்பத்திரியில் வந்து சிகரெட் பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து, உள்பெட்டியைப் பாதி வெளியே இழுத்தார். “பாருங்க, தாடையக் குறுக்க வெட்டித் துண்டாக்குறது இல்ல. நீளவாக்குல ரெண்டு அடுக்காப் பிரிக்கிறோம். வெளி அடுக்கு இது, உள் அடுக்கு இது. இப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு இப்படி நகர்த்தலாம், முன்னாலயும் கொண்டு வரலாம், பின்னாலயும் தள்ளலாம். எவ்வளவு நகர்த்தினாலும் ரெண்டு அடுக்கும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டேதான் இருக்கும், அதனாலதான் எலும்பு கூடிடுது. கூடுற வரைக்கும் அசையாம இருக்க டைட்டானியம் தகடு, ஸ்க்ரூ.” உள்பெட்டியை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளிக் காட்டினார். “உங்க பொண்ணுக்கு இவ்ளோதான்.”

அப்பா தீப்பெட்டியை வாங்கித் தானே இரண்டு மூன்று தடவை இழுத்து, தள்ளிப் பார்த்தார். அப்புறம் திருப்பிச் சொன்னார்: “அப்ப துண்டாகாது. அடுக்குதான் நகருது. தையல் உள்ளயா, வெளியயா?” உள்ளேதான் என்றார் டாக்டர். அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அதற்கு மேல் இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான். அந்த டாக்டர் “புரிஞ்சுதா?” என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? அப்பா தானாகத் திருப்பிச் சொன்னார், அதைக் கேட்டு டாக்டருக்கும் தெரிந்தது, அப்பாவுக்கு எது புரிந்தது, எது பாக்கி என்று.

ஆனால் அது நடந்தது முந்தின ராத்திரி. கட்டிலில் படுத்தாயிற்று, பணம் கட்டியாயிற்று, ரத்தம் ஏற்பாடு பண்ணியாயிற்று. (அந்த ரத்தமும் ஒரு கதை. “ஒரு யூனிட் ஏற்பாடு பண்ணிடுங்க” என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். முன்னெச்சரிக்கைக்காகத்தான், தேவைப்படாமலும் போகலாம் என்று சொல்லாததால், ரத்தம் கேட்கிறார்கள் என்றால் உயிருக்கு ஆபத்துதான் என்று பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை.) அந்த நேரத்தில் ஒருத்தி “எனக்கு யோசிக்கணும்” என்று எழுந்து வந்துவிட முடியுமா? சம்மதம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிவத்தை அப்பாவிடம்தான் முதலில் நீட்டினார்கள். எனக்கு இருபத்தாறு வயது, சுயநினைவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், முகம் என்னுடையது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு அது. வயது வந்த, நினைவோடு இருக்கிற நோயாளியின் சம்மதத்தை அவரிடம்தான் வாங்க வேண்டும், என்ன சிகிச்சை, எதற்கு, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் முடிவெடுக்கப் போதுமான அளவு விளக்கிய பிறகுதான் அது சம்மதம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. குடும்பத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எனக்கு அப்பா பக்கத்தில் வேண்டும், அவருக்கும் புரிய வேண்டும். ஆனால் பேனா முதலில் என் கைக்கு வர வேண்டும்.

சரி, கண் விழித்ததைச் சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள், ஏனென்றால் வாரம் தவறாமல் பார்க்கிறீர்கள். எனக்கு அது முதல் தடவை.

ஐந்து மணி நேர ஆபரேஷன். நினைவு வந்தபோது மூக்கு முழுசாக அடைத்திருந்தது. வாயைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. மூக்கும் இல்லை, வாயும் இல்லை, தொண்டையில் ஏதோ வழிகிறது, ரத்த வாடை, கத்தலாம் என்றால் சத்தம் வரவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். கை காலை உதறினேன், கையில் ஏறியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டது. ஒரு சிஸ்டர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து, “பாப்பா, பாப்பா, பல்லு இடுக்கு வழியா மூச்சு விடு, உதட்டத் திற, பல்லு இடுக்குல காத்து போகும்” என்றார். உதட்டைத் திறந்தேன். காற்று வந்தது. பல் இடுக்கு வழியாக மூச்சு வரும் என்று எனக்குத் தெரியாது டாக்டர். இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாது. மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாக விடுவார்கள், ஏனென்றால் வாயில் பல் கடிப்பு சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும், அதனாலும் மேல்தாடையை நகர்த்துவதாலும் மூக்கு சில நாள் அடைத்திருக்கும், மேல்வரிசைக் கிளிப்பையும் கீழ்வரிசைக் கிளிப்பையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பதால் வாய் திறக்காது, ஆனால் மூச்சு நிற்காது. முந்தின நாள் என்னை உட்காரவைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை மூச்சு விடச் சொல்லியிருந்தால் போதும். இப்போதே செய்து பாருங்கள், அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷப் பயிற்சி இல்லாததால் என் வாழ்க்கையிலேயே மோசமான நிமிஷம் எனக்குக் கிடைத்தது, இன்றைக்கும் சளி பிடித்து மூக்கடைத்தால் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறேன்.

வார்டுக்கு வந்ததும் கட்டில் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோலை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. வாந்தி வந்து மூச்சு முட்டினால் உடனே ரப்பர் பேண்டை வெட்டிவிடுவதற்காக என்று இப்போது தெரியும். அன்று தெரியாமல் அம்மா அந்தக் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே தேவைப்பட்டிருந்தால் அம்மாவுக்கு எதை வெட்டுவது என்று தெரிந்திருக்காது. யாரிடம் அந்தக் கத்தரிக்கோலை விட்டுப் போனீர்களோ அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் அன்றைக்கு இருந்ததைவிட மறுநாள் அதிகமாக வீங்கியதும் ஏதோ தப்பாகிவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் நான் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தேன். கன்னமும் கழுத்தும் ஒன்றாகி, மஞ்சளும் ஊதாவுமாக, கண் கீற்றாக. என் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றும் அதில் இல்லை. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே அம்மா சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்லாத்தான் இருந்தா, நாமளே கொண்டுவந்து கெடுத்துட்டோமோன்னு இருக்குடி.”

உதடு மரத்துப்போனது பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிவத்தில் அது இருந்தது, மூன்றாம் பக்கத்தில், “பாரஸ்தீசியா” என்று. கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ரசம் முகவாயில் வழிந்து சட்டையில் சொட்டும் வரை எனக்குத் தெரியாது. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிற நரம்பு அது, அதை ஒட்டித்தான் எலும்பைப் பிளக்கிறீர்கள், அதனால் ஆரம்பத்தில் கீழ் உதடும் முகவாயும் பெரும்பாலானவர்களுக்கு மரத்துத்தான் போகும், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், சிலருக்கு ஓர் ஓரத்தில் தங்கிவிடும், வயது கூடக் கூட அப்படித் தங்குகிற வாய்ப்பும் கூடும். எனக்கு இடது பக்கம் முகவாயில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் உணர்ச்சி குறைவுதான். அதனால் நான் வருத்தப்படவில்லை, முன்னாலேயே தெரிந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் “சரி”யைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம். நாலாவது மாதம் உதட்டில் எறும்பு ஊறுவது போலக் குறுகுறுத்தபோது நோய்த்தொற்று என்று பயந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். அது உணர்ச்சி திரும்புகிற அறிகுறியாம்.

மூன்றாவது வாரம் பற்றி யாருமே பேசுவதில்லை. ராகிக் கஞ்சி, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், எல்லாம் சிரிஞ்சில். ஆறு கிலோ குறைந்திருந்தேன். வலி பெரிதாக இல்லை, ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வரும். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசனைக்கு அழுதிருக்கிறேன். ஏன் செய்துகொண்டேன், யாருக்காகச் செய்துகொண்டேன் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு மட்டும்தான் மனசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் முதல் சில வாரங்களில் இப்படி வந்து போகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். முன்னாலேயே வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தால் “ஆசைப்பட்டுத்தானே செஞ்சுக்கிட்ட, இப்ப ஏன் அழற?” என்று தம்பி கேட்டிருக்க மாட்டான்.

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள், சிலருக்குத் தெரிந்துகொள்ளவே பிடிக்காது. நியாயம்தான். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன், “எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், மயக்கத்தப் போட்டு முடிச்சு விடுங்க” என்றுதான் சொன்னார், அவருக்கு அதுதான் நிம்மதி. ஆனால் யார் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? கேட்டால்தானே தெரியும். அதற்கென்றே ஆறே ஆறு கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை நெதர்லாந்தில் உருவாக்கி 1996இல் வெளியிட்டிருக்கிறார்கள், ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் என்று மயக்க மருந்து டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான்கு கேள்வி பயத்தைப் பற்றி: மயக்க மருந்தை நினைத்துக் கவலையா, அதே நினைப்பாக இருக்கிறதா, ஆபரேஷனை நினைத்துக் கவலையா, அதே நினைப்பாக இருக்கிறதா. மீதி இரண்டு, இவற்றைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று. ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டியதுதான். காத்திருக்கிற பெஞ்சிலேயே முடிந்துவிடும். பயமும் அதிகம், தெரிந்துகொள்ளும் ஆசையும் அதிகம் என்று வட்டம் போட்டிருக்கிற ஆளை மட்டுமாவது தனியாகக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அது நானாக இருந்திருப்பேன்.

நேரம் இல்லை என்பதும் உண்மைதான், அந்த பி.ஜி. டாக்டரின் கண்ணைப் பார்த்தவள் நான். பெரிய டாக்டர்தான் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று கேட்கவில்லை. தேதி குறிப்பதற்கு முன்னால், முந்தின ராத்திரி இல்லை, குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்னால், ஒரு நாள் எங்களையும் வீட்டில் ஒருவரையும் வரச் சொல்லுங்கள். தமிழில் பேசுங்கள். இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள், ஸ்மூத்தி, யோகர்ட் என்று போடாமல் கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர் என்று எங்கள் அடுப்பில் இருப்பதைப் போடுங்கள். பேசி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்பதை விட்டுவிட்டு, “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போய்ப் பாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க, எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். நாங்கள் சொல்வதில் எங்கே தடுமாறுகிறோமோ அங்கேதான் எங்கள் பயம் உட்கார்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. ஏன் செய்துகொள்கிறாய்? கேட்டிருந்தால் “சாப்பிடக் கஷ்டமா இருக்கு டாக்டர்” என்றுதான் முதலில் சொல்லியிருப்பேன். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதி, பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவை மட்டும் பக்கவாட்டில் எடுத்து அனுப்பச் சொன்னது, ஸ்கூலில் வைத்த பட்டப்பெயர், சிரிக்கும்போது தானாக வாய்க்குப் போகிற கை. அழகுக்காக என்று வாயைத் திறந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் மறுத்துவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அதனால் உங்களிடமும் மறைக்கிறோம். மறைத்துக்கொண்டே இந்த ஆபரேஷனிடம் எதையெல்லாமோ எதிர்பார்க்கிறோம். என் பல் கடிப்பு சரியானது, முகமும் மாறியது, ஆனால் கை இன்னும் பல நேரம் வாய்க்குத்தான் போகிறது. ஆபரேஷன் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று முன்கூட்டியே பேச ஓர் ஆள் இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே இதைச் செய்துகொண்டவர்களைக் கூப்பிடுங்கள். என் ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னால் செக்கப்புக்கு வந்திருந்த ஓர் அக்கா, தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினார். போனில் தன் ஆபரேஷனுக்கு முந்தைய படத்தையும் மூன்றாம் மாதப் படத்தையும் காட்டினார். என் கன்னத்தைத் தொட்டு, “கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், பழகிடும்” என்றார். பதினாறு மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பேச்சு அதுவும் தீப்பெட்டியும்தான். மூச்சு விடுவதைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பெண், பத்தொன்பது வயது, அடுத்த மாதம் அவளுக்குத் தேதி. அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பல் இடுக்கு வழியாக மூச்சு விடச் சொன்னேன். விட்டாள். இன்னொரு தடவை விட்டாள். அப்புறம் மூக்கை விட்டுவிட்டு, “அக்கா, தையல் வெளியயா, உள்ளயா?” என்று கேட்டாள். அப்பா உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தார்.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் உங்களிடம் வரும் நோயாளிகள் யாராவது பேச விரும்பினால் சனி, ஞாயிறு எனக்கு லீவுதான். நீங்கள் கூப்பிட்டால் சென்னைக்கும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் “புரிஞ்சுது டாக்டர்” என்று பல தடவை சொன்ன ஒருத்தி